63க்குப் பிறகு: முழுநேர வேலையா, குறைந்த நாள் வேலையா, முழு ஓய்வா?

சிங்கப்பூரில் 63 வயதானால் வேலையை விட்டே ஆகவேண்டும் என்று இன்னமும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ "அடுத்த வருஷம் எனக்கு ரிட்டையர்மெண்ட்" என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே முடிவாகிப்போன விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓய்வுபெறும் வயது என்பது, அதற்கு முன்னால் வயதைக் காரணம் காட்டி உங்களை அனுப்பக்கூடாது என்று முதலாளிக்குப் போடப்பட்ட கட்டுப்பாடு. அதைத் தாண்டிய பிறகு மறுவேலைவாய்ப்பு வயது என்று இன்னொன்று இருக்கிறது. அதுவரைக்கும், தகுதியுள்ள ஊழியருக்கு வேலை தர முதலாளி முன்வர வேண்டும்.

1993இல் இந்த ஓய்வு வயது 60ஆக இருந்தது. 1999இல் 62 ஆனது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68 என்று உயர்ந்தது. 2026 ஜூலை 1 முதல் 64, 69. 1963 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஓய்வு வயது 64. 1958 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் 69 வரை மறுவேலைவாய்ப்புக்கு உரியவர்கள். 2030க்குள் 65, 70 ஆக்குவதுதான் திட்டம். ஆக, அறுபதுகளில் இருக்கும் ஒருவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் தானே முடிவெடுக்க வேண்டிய காலமாகிவிடுகிறது. அந்த முடிவைப் பழக்கத்தின் கையிலோ பிள்ளைகளின் கையிலோ விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை, உடம்பும் ஒத்துழைக்கிறது என்றால், நாளைக் குறைத்துக்கொண்டு தொடருங்கள். நின்று, தூக்கி, இரவில் விழித்துப் பார்க்கிற வேலை என்றால், வீட்டுச் செலவுக்குக் கணக்கு ஒத்துவந்த அன்றே விட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பணத்திலிருந்து தொடங்குவோம். நடுராத்திரியில் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. 55 வயதில் மசேநியில் (மத்திய சேமநிதியில்) நமக்கு ஓய்வுக்காலக் கணக்கு திறக்கப்படுகிறது. அதில் ஒதுக்கப்படும் முழு ஓய்வுக்காலத் தொகை, 2018இல் 55 வயதானவருக்கு 171,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2025இல் 55 ஆனவருக்கு 213,000 வெள்ளி. அதிலிருந்து சிபிஎஃப் லைஃப் என்ற வாழ்நாள் மாதத்தொகைத் திட்டம் வழியாக மாதாமாதம் பணம் வருவது 65 வயதில்தான் தொடங்கும். வேண்டுமானால் 70 வரை தள்ளிப்போடலாம். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதத்தொகை 7 விழுக்காடு வரை கூடும்.

இந்த 7 விழுக்காடுதான் கோப்பிக்கடைப் பேச்சில் எல்லாரையும் மயக்குகிறது. "எழுபது வரைக்கும் தொடாதே, வட்டி நல்லா வரும்" என்பார்கள். சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வயதில் மாதம் 1,400 வெள்ளி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 வரை தள்ளினால் அது அதிகபட்சம் 35 விழுக்காடு கூடி 1,890 வெள்ளியாகும். மாதம் 490 வெள்ளி கூடுதல். ஆனால் இடைப்பட்ட 60 மாதங்களில் நீங்கள் வாங்காமல் விட்டது 84,000 வெள்ளி. அந்தக் கூடுதல் 490ஐ வைத்து 84,000ஐ ஈடுகட்ட 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்போது உங்களுக்கு வயது 84. வாங்காத பணம் எங்கும் போய்விடாது என்பதும் உண்மைதான்; சிபிஎஃப் லைஃபுக்குக் கட்டியதில் மீதம் இருப்பது நீங்கள் நியமித்தவர்களுக்குப் போகும். நீண்ட ஆயுள் உள்ள குடும்பம், கையில் வேறு பணமும் இருக்கிறது என்றால் தள்ளிப்போடுவது நல்ல யோசனை. 490 வெள்ளிக்காகவே உடம்பை வருத்தி இன்னும் ஐந்தாண்டு வேலைக்குப் போவது என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. 65 வயதில் வேலை பார்த்துக்கொண்டே மாதத்தொகையையும் வாங்கலாம். வேலையை விட்டால்தான் தருவோம் என்று யாரும் சொல்வதில்லை. குறைந்த நாள் வேலை என்ற நடுவழி இங்கே சாத்தியமாவதே இதனால்தான். சம்பளத்தில் குறைந்ததை மாதத்தொகை நிரப்பிவிடும். அதோடு, வயது ஏற ஏற மசேநிக்கு நம் பங்கும் குறைகிறது. 65ஐத் தாண்டி 70 வரை உள்ளவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுவது 7.5 விழுக்காடு, முதலாளி போடுவது 9 விழுக்காடு. வாரம் மூன்று நாள் வேலைக்கு 2,000 வெள்ளி சம்பளம் என்றால் கையில் வருவது 1,850. அதோடு சிபிஎஃப் லைஃப் 1,400ஐச் சேர்த்தால் 3,250 வெள்ளி. வீட்டுக்கடன் முடிந்த தம்பதிக்கு இது தாராளம். சம்பளம் குறைவாக இருந்தால் அரசு தரும் வேலைநலன் துணை வருமானமும் உண்டு: மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாமல் சம்பாதிக்கும் 60 வயதுக்காரருக்கு ஆண்டுக்கு 4,900 வெள்ளி வரை. அதில் பெரும்பகுதி மசேநிக்குப் போய்விடும், கையில் வருவது கொஞ்சம்தான்.

சிக்கல் 63க்கும் 65க்கும் இடையில்தான் இருக்கிறது. சம்பளம் நின்றுவிடும், மாதத்தொகை தொடங்கியிருக்காது. 63 ஆனதும் முழுசாக விட்டுவிடுகிறேன் என்பவர் இந்த இடைக்காலச் செலவைக் கையில் எடுத்து வைத்திருக்க வேண்டும். அலுவலக மருத்துவக் காப்புறுதியும் வேலையோடு சேர்ந்து போய்விடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விடுவதற்கு முன்பே பல், கண் எல்லாம் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி உடம்பு. 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிங்கப்பூரரின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 84.8 ஆண்டு. அதில் நல்ல உடல்நலத்தோடு வாழும் காலம் 74.2 ஆண்டு. நடுவே உள்ள பத்துச் சொச்சம் ஆண்டுகள் நோயோடும் முடியாமையோடும் போகின்றன. இது பிறப்பிலிருந்து எடுத்த சராசரி, 63ஐ எட்டிவிட்டவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் எனக்கு இது பெரிய செய்தி. பணம் காத்திருந்தால் வளரும். முழங்கால் காத்திருந்தால் தேயும்.

என் அத்தானைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது. கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றில் காவல் வேலை, இரவு ஏழு மணி தொடங்கிக் காலை ஏழு மணிவரை. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால், மேல் வீட்டில் டைல்ஸ் உடைக்கிற சத்தம். சாயங்காலம் காலுறையைப் போடும்போது கணுக்காலில் முந்தின நாள் தடம் இன்னும் பதிந்திருக்கும், அக்கா கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அறுபடை வீடும் போய்வர வேண்டும் என்பது அவர்களுக்கு ரொம்ப நாள் ஆசை. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் "இந்த ஒரு வருஷம் மட்டும்" என்று அத்தான் கையெழுத்துப் போட்டார். கடைசியில் வேலையை விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். திருச்சிக்கு இங்கிருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தான். இறங்கியதும் முதலில் மலைக்கோட்டை. நானூறுக்கும் மேலே படிகள். அத்தான் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சந்நிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் மேலே ஏறி, உச்சியிலிருந்து காவிரியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள். பழனியில் இழுவை ரயில் இருந்ததால் முருகனைப் பார்க்க முடிந்தது. எல்லா மலைக்கும் ரயில் இல்லை.

அதனால்தான் எல்லா வேலையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள் என்கிறேன். எஸ்.ஆர்.நாதன் 75 வயதில் சிங்கப்பூர் அதிபராகி 87 வயதுவரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் "நாதனைப் பாருங்கள்" என்று பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்பவரிடமோ அங்காடி நிலையத்தில் தட்டு எடுக்கும் அம்மாவிடமோ சொல்வது நியாயமே இல்லை. ஓய்வு உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதில் ஆய்வுகளும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பார்த்த வேலை எப்படிப்பட்டது, அவரே விரும்பி விட்டாரா, இல்லை தள்ளிவிடப்பட்டாரா என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. என் வேலை கணக்குப் பிரிவில். காலையில் கிளம்ப ஓர் இடம் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குக் கூட நாலு பேர் இருக்கிறார்கள், மூளைக்கும் வேலை இருக்கிறது. அது எனக்கு நல்லது செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தானுக்கு அவருடைய வேலை அதைச் செய்யவில்லை.

இதற்கு நேர் எதிரே இருக்கும் முழு ஓய்வை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் பெண்களுக்கு அது எப்படி அமைகிறது என்று பேசாமல் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. அக்கா ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருந்தவள். வேலையை விட்ட மறு வாரமே மகன், "அம்மா சும்மாதானே இருக்கீங்க" என்று பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தான். காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். பெரியவனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, சின்னவளைப் பாலர் பள்ளியில் விட வேண்டும். சந்தைக்குப் போய் வந்து சமையல். ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். அந்த வாசலில் நின்று பாருங்கள், காத்திருப்பவர்களில் பாதிப்பேர் நம் வயதுக்காரர்கள். கையில் தண்ணீர் போத்தல், குடை, பேரன் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளத் தயாராக ஒரு தோள். சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதும் பாட்டிதான், அம்மா அப்பாவுக்கு வராது. மகனும் மருமகளும் வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும்.

அக்கா இதைச் சுமையாக நினைக்கவில்லை. பிள்ளைகள் மடியில் வந்து விழுகிற சுகத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள். ஆனால் இது வாரம் அறுபது மணி நேர உழைப்பு. சம்பளமில்லை, விடுப்பில்லை, மசேநியுமில்லை. சமூக மன்றத்தில் கோலாட்டம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு வகுப்புக்குக்கூடப் போகவில்லை. ஆகவே வேலையை விடலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிவரை, அவசரம் என்றால் வேறு யார் என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி மாணவர் பராமரிப்பு நிலையத்தில் விட்டால் என்ன என்று கேளுங்கள். பெற்ற பிள்ளையிடம் போய்க் கணக்குப் பேசுவதா என்று கூசுகிறோம். பேசாமல் விட்டால்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது.

ஆண்களுக்கு நிலைமை வேறு. பத்து மணிக்குக் கோப்பிக்கடை, பதினொரு மணிக்குத் திரும்பி வந்து தொலைக்காட்சி, மதியத் தூக்கம். மூன்று மாதத்தில் முகமே வாடிவிடுகிறது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையம் இருக்கிறது. நாற்காலி உடற்பயிற்சி, ரத்தக்கொதிப்புச் சோதனை, சேர்ந்து சாப்பிடுவது என்று நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் பேச்செல்லாம் பெரும்பாலும் சீனத்தில். நம் ஆள் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, மறுநாள் போவதில்லை. போய்ப் பழக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். நம்மவர் நாலு பேர் சேர்ந்து போனால், தமிழில் ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கலாம். நூலகங்களில் தமிழ் வாசிப்புக் குழுக்கள் இருக்கின்றன. மூத்த தொண்டூழியர்களுக்கென்றே ஆர்எஸ்விபி சிங்கப்பூர் 1998 முதல் இயங்குகிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு தேசிய மூத்தோர் கல்விக்கழகத்தின் வகுப்புகள் உண்டு. தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலில் தொண்டு செய்வதோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுக்கக் கோயிலில் செய்ய வேலை கிடக்கிறது. வேலையை விட்ட பிறகு இதையெல்லாம் தேடத் தொடங்கினால் மனம் வராது. வேலையில் இருக்கும்போதே வாரம் ஒரு நாள் போய்ப் பழகிவிட்டவர்கள்தான் ஓய்வில் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் பார்த்தவரை இதில் விதிவிலக்கு குறைவு.

இந்த இரண்டுக்கும் நடுவில் என் தோழி இருக்கிறாள். தமிழாசிரியர். ஓய்வு வயது வந்ததும் வகுப்பாசிரியர் பொறுப்பு, மதிப்பெண் பதிவு, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பகுதிநேரமாகப் பாடம் மட்டும் எடுக்கிறாள். சம்பளம் குறைந்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பிடித்தது பாடம் எடுப்பதுதான், மிஞ்சியது அதுதான். வேலையில் நமக்குப் பிடித்தது எது, வேறு வழியில்லாமல் சுமந்தது எது என்று பிரித்துப் பார்க்கக் கிடைக்கிற முதல் வாய்ப்பு இந்த வயதில்தான் வருகிறது. குறைந்த நாள் வேலைக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு, பணத்தைக் காட்டிலும் இதுதான் பெரிய காரணம்.

அதிலும் குறைகள் உண்டு. மூன்று நாள் சம்பளத்துக்கு ஐந்து நாள் வேலையை வாங்கிக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. விடுமுறை நாளிலும் வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். பதவி இறங்கிவிட்டது, நேற்றுவரை நம்மிடம் கற்றுக்கொண்டவர் இன்று நமக்கு மேலதிகாரி என்பதை ஏற்றுக்கொள்ள மனப்பக்குவம் வேண்டும். அது எல்லாருக்கும் வருவதில்லை. அப்படிப்பட்டவர் முழுசாக விட்டுவிட்டு வேறு ஒன்றில் இறங்குவதுதான் அவருக்கும் நல்லது, அலுவலகத்துக்கும் நல்லது.

நாளைக் குறைத்துக் கேட்பது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடித்த எந்த ஊழியரும் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மறுத்தால் தொழில் சார்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். "எனக்கு வயசாகிவிட்டது, குறைத்துக் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். எந்த நாள்களில் வருவேன், எந்த வேலைகளை வைத்துக்கொள்வேன், எவற்றை யாருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பேன் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் அவர்களுக்கும் சரி என்று சொல்வது சுலபம்.

மறுவேலைவாய்ப்புக்கு நீங்கள் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஓய்வு வயதுக்கு முன் அதே முதலாளியிடம் குறைந்தது 2 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். வேலைத்திறனும் உடல்தகுதியும் திருப்தியாக இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை ஆறு மாதம் முன்பே தொடங்குவது வழக்கம். அவர்கள் கூப்பிடவில்லை என்றால் நீங்களே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும், அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கலாம். சம்பளத்தையும் பொறுப்பையும் மாற்ற அவர்களுக்கு இடம் உண்டு, ஆனால் அது நியாயமான காரணத்தோடு இருக்க வேண்டும். மருத்துவச் சலுகை, ஆண்டு விடுப்பு, வருட முடிவுப் போனஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பொருத்தமான வேலை எதுவும் இல்லை என்று முதலாளி சொன்னால், உங்களை ஏற்றுக்கொள்ளும் வேறொரு முதலாளியிடம் அந்தப் பொறுப்பை மாற்றிவிடலாம். அதுவும் முடியாதபோது வேலைத் தேடல் உதவித்தொகையாக மூன்றரை மாதச் சம்பளத்தை, அதற்கென்று வகுத்துள்ள வரம்புக்குள், ஒரே தொகையாகக் கொடுக்க வேண்டும். நீங்களாகவே வேலையை விட்டால் அது கிடையாது. அதனால், பொருத்தமான வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரைக்கும் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்.